வி.பி.எஸ்.ஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த எல்லாருக்கும் நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து கைகொடுத்த உறவுகளுக்கும் அன்பின் வாழ்த்துகள்.

இந்த வருட விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) கர்த்தருடைய கிருபையால் நல்லபடியாக முடிந்தது. நிறைவு விழாவில் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்த நேரம் எங்கள் போதகரான ஐயர், அவர் மனைவி ஐயரம்மா, சேகரக் கமிட்டியார், வகுப்பு எடுத்த ஆசிரியர்கள் இவர்களைச் சொல்வதற்கே சரியாக இருந்தது. ஆனால் வி.பி.எஸ். தொடங்குவதற்கு முந்தின வாரங்களில் உழைத்த வேறு பலர் இருக்கிறார்கள். "எப்பக்கா தொடங்கும்?" என்று பிள்ளைகள் என்னைத் தெருவில் மறித்துக் கேட்கும் அளவுக்கு ஆசை மூட்டியவர்கள் அவர்கள்தான். அவர்களில் பாதிப்பேர் நம் சபைக்காரர்கள்கூட இல்லை. இந்த மடல் அவர்களுக்கு.

சாத்தான்குளம் வட்டாரத்தில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கே தேரி என்கிற செம்மணல் மேட்டில் கால் வைக்க முடியாது. பரீட்சை முடிந்த கையோடு உள்ளூர்ப் பிள்ளைகள் ஆச்சி வீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற நம் பிள்ளைகள் இங்கே ஆச்சி வீட்டுக்கு வருகிறார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. எல்லார் கையிலும் செல்போன். கோயில் மணி அடித்தவுடன் பிள்ளைகள் ஓடிவந்த காலத்தை எங்கள் அம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு மணிச் சத்தம் மட்டும் போதாது. பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இன்னொரு பிள்ளையாக இருந்தால் வராத பிள்ளையும் வரும். ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் கூடிய கூட்டத்தில் நாங்கள் பேசி முடிவெடுத்தது இதுதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி, பஸ் ஸ்டாப்பில் பெரிய பிளக்ஸ் வைக்கப் பணம் தருவதாக எழுந்து சொன்னார். பிளக்ஸ் பெரியவர்கள் பார்க்கிற பொருள், பிள்ளைகள் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். அதைச் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. "அப்ப அந்தத் துட்ட எதுக்குக் குடுக்கணும்னு நீயே சொல்லும்மா" என்றார். தேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர்ப் பிள்ளைகளை வேனில் கூட்டிவரும் செலவு முழுவதும் அவருடையது. தன் படம் எங்கேயும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். பெயரும் வரவில்லை அண்ணாச்சி, நன்றி மட்டும் வருகிறது.

மேலத்தெரு ஆச்சிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? நோட்டீஸ் அடிக்கப் போகிறோம் என்று அவர்களிடம் சொன்னேன். "அச்சடிச்ச தாளக் குடுத்தா பிள்ளை மடக்கிப் பையில போட்டுட்டு மறந்துரும். கையில சுத்துற சாமானா குடுங்க" என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்த வருட அழைப்பிதழ். பனை ஓலையைக் கீறி, மடித்து, உடைமுள்ளால் குத்தி, குச்சியில் செருகிய காத்தாடி. ஒரு இறக்கையில் தேதியும் நேரமும் இருக்கும். இன்னொரு இறக்கையில் அழைக்கப்படுகிற பிள்ளையின் பெயர் இருக்கும். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குக் காத்தாடி மடிக்கத் தெரியவில்லை. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சாயங்காலந்தோறும் சொல்லிக்கொடுத்தார்கள். கண் சரியாகத் தெரியாத வயதிலும் விரல் ஒரு மடிப்பைக்கூடத் தப்பவில்லை. தேதி எழுதின காத்தாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் காற்றுக்கு எதிராகத் தெருவில் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

ஓலை தந்தது பனையேறும் நம் அண்ணன். பதநீர்க் காலத்தில் அவருக்கு மூச்சு விடவும் நேரமில்லை. விடியுமுன் ஏறி, மத்தியானம் ஏறி, சாயங்காலமும் ஏறுகிறவர். அதற்கிடையிலும் ஓலையை வெட்டி, நிழலில் வாட்டி, கட்டுக்கட்டாகக் கோயில் வாசலில் போட்டுவிட்டுப் போனார். குருத்தை அளவுக்கு மேல் எடுத்தால் மரம் தாங்காது, அதனால் பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன் என்று அவர் பிள்ளைகளிடம் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மரத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடத்தை நாங்கள் நடத்தவில்லை.

பஸ் ஸ்டாப் டீக்கடை அண்ணாச்சி விலைப்பட்டியல் எழுதும் கரும்பலகையின் பின்பக்கத்தை எங்களுக்குக் கொடுத்தார். கடைக்குள் திருச்செந்தூர் முருகன் படம், வாசலில் எங்கள் வேதாகம விடுகதை. தினம் ஒன்று எழுதுவோம். "செத்த சிங்கத்துக்குள் தேன் எடுத்தது யார்?" "இரும்பு தண்ணீரில் மிதந்தது எப்போது?" "கழுதை பேசியது யாரிடம்?" விடை மறுநாள் சாயங்காலம் கோயில் மணி அடிக்கும்போது சொல்லப்படும். அண்ணாச்சி டீ ஆற்றிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்பார். பால்காரர், கண்டக்டர், வயலுக்குப் போகிறவர் என்று யாரையும் விடவில்லை. சிம்சோன் பெயரைப் பலரும் சொல்லிவிட்டார்கள். இரும்பு மிதந்த கதைக்குத்தான் பெரியவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. கடைசியில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை தன் ஆச்சியிடம் கேட்டு ஓடிவந்து, எலிசா தீர்க்கதரிசி காலத்தில் ஆற்றில் விழுந்த இரவல் கோடரி என்று சொன்னாள். கடையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். அன்றைக்கு அவளுக்கு ஒரு முறுக்கு இனாம். அண்ணாச்சி, உங்கள் பலகை இல்லாவிட்டால் இந்த விஷயம் எங்கள் கோயில் காம்பவுண்டைத் தாண்டியிருக்காது.

இந்த வருடக் கதைகளில் பாதி கலிலேயாக் கடலைச் சுற்றி நடப்பவை. நம் பிள்ளைகளோ தேரிக்காட்டுப் பிள்ளைகள். கடல் பக்கத்தில் இருந்தாலும் வலையைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கடற்கரை ஊரான மணப்பாட்டில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு மீனவ அண்ணனிடம் கேட்டோம். பழைய வலை, துடுப்பு, மிதவைகள் எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றி அவரே கொண்டுவந்தார். வேப்பமரத்திலிருந்து கோயில் வாசல் வரைக்கும் வலையை இழுத்துக் கட்டினார். காத்தாடி வாங்கின பிள்ளை "வாறேன்" என்று சொன்னால், அதன் பெயரை ஒரு காகித மீனில் எழுதி வலையில் மாட்டுவது என்று ஏற்பாடு. சாயங்காலம் பிள்ளைகள் கூட்டமாக வந்து, யார் மீன் விழுந்திருக்கிறது, யாருடையது இன்னும் இல்லை என்று பார்ப்பார்கள். இல்லாத பிள்ளையின் வீட்டுக்கு மறுபடியும் ஒரு படை போகும். எந்த ஆசிரியரும் அவர்களை அனுப்பவில்லை.

தொடக்க நாளன்று அந்த அண்ணன் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். சீமோன் இராமுழுக்கப் பாடுபட்டான் என்று கதையில் வருகிறதே, ராத்திரியில் ஏன் மீன் பிடிக்கப் போனார்கள் என்று ஒரு பையன் கேட்டான். பகல் வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும், இருட்டில்தான் வந்து விழும், விடிந்தால் வலையை அலசிக் காயவைக்க வேண்டும் என்று அவர் சொன்னார். ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் வலையை அலசிக்கொண்டிருந்தவனிடம் பட்டப்பகலில் மறுபடி வலை போடச் சொன்னால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பையனுக்கு உடனே புரிந்தது. பல வருடம் நான் சொல்லிவந்த கதை எனக்கும் அன்றைக்குத்தான் இவ்வளவு நெருக்கமாக வந்தது.

அவர் கத்தோலிக்கர். மணப்பாட்டுக்காரர்களுக்கு இந்த வேலை புதிதல்ல என்று எனக்குத் தோன்றியது. 1542-ல் கோவாவில் வந்து இறங்கிய புனித சவேரியார் தெருவில் மணி அடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அதே வருடம் மணப்பாடும் சேர்ந்த நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தவர் தமிழில் ஜெபங்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளிகளின் வீடுகளுக்கு ஜெபிக்கவும் அவர் பிள்ளைகளையே அனுப்பினார். பெரியவர்களால் எட்ட முடியாத இடத்துக்குப் பிள்ளைகள் போவார்கள் என்பதை இந்தக் கடற்கரை முன்பே பார்த்திருக்கிறது.

பாட்டுப் பயிற்சிக்கு இடமில்லாமல் நாங்கள் தவித்தோம். சபை மண்டபத்தில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம் சரக்கு வைக்கும் தங்கள் கிட்டங்கியில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தது. மூட்டைகளை ஒரு ஓரமாக அடுக்கி, தரையைக் கழுவி, இரண்டு மின்விசிறியும் மாட்டித் தந்தார்கள். இடம் பொருத்தமாக இருக்குமா என்று சிலர் கேட்டார்கள். எலிசா ஹாவ்ஸ் என்ற அம்மையார் 1898-ல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக இப்படி ஒரு பள்ளியைத் தொடங்கியபோது, அவர் வாடகைக்கு எடுத்து நடத்தியது ஒரு பீர்க்கடைக் கூடத்தில். பாட்டும் வேதாகமக் கதையும் கைவேலையும் அங்கே நடந்தன. அதோடு ஒப்பிட்டால் கருப்பட்டி மணக்கிற கிட்டங்கி எங்களுக்கு அரண்மனை. பயிற்சி முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு சில்லுக் கருப்பட்டி வேறு கிடைத்தது. வருகை குறையாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மும்பையிலிருந்து வந்த பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். தாராவியில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் ஒரு சித்தி இதைப் பார்த்தார்கள். எல்லாப் பாட்டையும் இந்தி எழுத்தில் தமிழ் ஒலியாகவே எழுதி, நகல் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தார்கள். மறுநாள் அந்தப் பிள்ளைகளின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. பதிலுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பையன் ஊருக்குக் கிளம்பும்போது தன் பெயரைத் தமிழில் எழுதி அந்தச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

வாலிபர் ஐக்கியத்துத் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நடக்க முடியாத ஒரு பிள்ளையின் வீட்டுக்குக் காத்தாடி போனபோது, "கோயில் படி ஏற முடியாதே, தூக்கிட்டுப் போனா எல்லாரும் பாப்பாங்க" என்று அந்தப் பிள்ளை சொல்லியனுப்பியது. தம்பிகள் கமிட்டியிடம் கேட்டு, செங்கல்லும் சிமென்டும் தேடி, பக்கவாட்டு வாசலுக்குச் சாய்வுப் பாதை போட்டார்கள். கட்டட வேலை தெரிந்த மாமா ஒருவர் கூடவே நின்று, சரிவு அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொண்டார். சக்கர நாற்காலி அதில் ஏறி வந்தது. இப்போது முழங்கால் வலிக்கிற ஆச்சிமாரும் ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

அச்சகத்தார், மைக்செட் அண்ணன், வேன் ஓட்டிய பாய், பானக்காரம் கரைத்தும் சுண்டல் அவித்தும் தந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார், நிறைவு நாளில் முதலூரிலிருந்து மஸ்கோத் அல்வா கொண்டுவந்து இறக்கிய அத்தான் என ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து சொல்கிறேன்.

கடைசியாக, இந்து, இஸ்லாமிய வீடுகளின் பெற்றோருக்கு. உங்கள் வீட்டுக்குக் காத்தாடி வந்தபோது, பின்னாலேயே நாங்களும் வந்து, இது வேதாகமக் கதைகளும் ஜெபமும் பாட்டும் உள்ள பள்ளி என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதம் கேட்டோம். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்பதற்காக நாங்கள் அதை மறைத்திருந்தால் அது நல்லதாக இருந்திருக்காது. சிலர் வேண்டாம் என்றீர்கள், அதையும் மரியாதையாகச் சொன்னீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் சாயங்காலம் விளையாட்டுக்கு வந்தார்கள். அனுப்பியவர்கள் எங்களை நம்பி அனுப்பினீர்கள். ஒரு அம்மா தினமும் வாசல் வரை வந்து விட்டுவிட்டு, நிழலில் நின்று ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் எல்லாருடைய நம்பிக்கைக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, யாரும் பார்க்கலாம். மிஞ்சிய பணத்தில் பள்ளி திறக்கும்போது தேவைப்படும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கக் கமிட்டி சம்மதித்திருக்கிறது. வலையையும் துடுப்பையும் இந்த வாரம் மணப்பாட்டுக்குக் கொண்டுபோகிறோம், கூட வர விரும்பும் பிள்ளைகள் வீட்டில் கேட்டுவிட்டு என்னிடம் பெயர் கொடுக்கவும். மேலத்தெரு ஆச்சி சனிக்கிழமை சாயங்காலங்களில் ஓலைப்பெட்டி முடையச் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். ஓலைதான் வேண்டும். அண்ணன் தருவதாகச் சொல்லியிருக்கிறார், சுமந்துவர ஆள் வேண்டுமாம்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
விடுமுறை வேதாகமப் பள்ளிப் பொறுப்பாளர்