இறாலால் இல்லை

அன்பு மகளுக்கு,

இரண்டு ஞாயிறு போய்விட்டது, நீ அழைக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன், மேல்வீட்டு அக்கா வரும்போது தந்துவிடுகிறேன்.

பேரன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? வெளிச்சம் ஆகாது என்றாய், திரைச்சீலையை இழுத்து விடு. பள்ளிக்கூடம் போனானா என்று இனி நான் கேட்கமாட்டேன். போன முறை அதைக் கேட்டதும் நீ போனை வைத்தது எனக்கு விளங்காமல் இல்லை.

அவனுக்கு வந்திருக்கும் நாட்பட்ட களைப்பு நோய் பற்றி நீ அனுப்பிய கட்டுரையை அக்காவின் மகள் வாசித்துச் சொன்னாள். உங்கள் மெல்பர்ன் சிறுவர் மருத்துவமனையிலேயே 784 பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 5 வருடத்தில் 100க்கு 38 பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்களாம், 10 வருடத்தில் 68 பேர். பெரியவர்களுக்கு வந்தால் இவ்வளவு நம்பிக்கை இல்லையாம். கணக்குப் படிப்பித்தவள் அல்லவா, மிச்சம் 32 பேர் எங்கே என்றுதான் மனம் முதலில் கேட்டது. பிறகு விரல் மடித்தேன். காய்ச்சல் வந்தபோது அவனுக்கு 13. 10 வருடம் என்றாலும் 23தான். உன் அப்பாவுக்கு வேலை கிடைத்ததே 27இல்.

நீ வேலையைக் குறைத்துக்கொண்டு அவனோடு இருக்கிறாய். என்னால் முடிந்திராது. ஆனாலும் அம்மாவுக்கு ஒரு வரி எழுதினால் கை தேயாது.

அவள் இன்னொன்றும் வாசித்தாள். அளவுக்கு மீறி அசைந்தால் பெரும்பாலும் அன்றே தெரியாதாம். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஆளை விழுத்துமாம். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிச் சுகமாக்கப் பார்க்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் 2021இல் வைத்தியர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். போதும், நிறுத்து என்றேன்.

மார்கழியில் நீங்கள் இங்கே வந்திருந்தபோது அவன் விழுந்தது இறாலால் இல்லை. நீ புறக்கோட்டைக்குச் சேலை எடுக்கப் போன அன்று, படுத்தே கிடந்தால் எப்படி என்று நான்தான் எழுப்பி, மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில்வரை நடத்திக்கொண்டு போனேன். திரும்பும்போது இரண்டு தரம் வழியில் குந்திவிட்டான். சோம்பேறி என்று ஏசினேன். ஆட்டோவுக்குக் கையில் காசு இருந்தது, பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் தலை தூக்காமல் கிடக்க, என்ன கொடுத்தாய் என்று நீ கேட்டாய். தெகிவளையில் வாங்கிய இறால் என்று வாயில் வந்தது.

அவன் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். வாய் திறக்கவில்லை. பிறகாவது உன்னிடம் சொன்னானா? அதுதான் அழைக்கவில்லையா?

நேரத்துக்குச் சாப்பிடக் கொடு.

அம்மா
வெள்ளவத்தை