மூணு வேணாம், பன்னெண்டா வாங்கு

சுமதி,

எப்படிடி இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி கொறஞ்சுதா? பத்து நாளா உனக்கு எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், ஆபீஸ்ல இயர் எண்டு வேலை விடல.

பாப்பாவுக்கு நீலமும் செவப்புமா மின்னற அந்த குட்டி மீன், நியான் டெட்ரா, மூணு வாங்கி கண்ணாடி ஜாடில விடலாமான்னு கேட்டிருந்தியே, தயவுசெஞ்சு வேணாம்டி. போன மே மாசம் நான் கொளத்தூர் அலங்கார மீன் கடையில ஆறு நியான் வாங்கி புது டேங்க்ல மறுநாளே விட்டேன், ஒரே வாரத்துல ஒண்ணொண்ணா போயிடுச்சு, கடைசி ரெண்டும் கலரே இல்லாம மூலையில நின்னது இன்னும் கண்ணுலயே இருக்கு. மீன் கழிவுல வர்ற அமோனியாவை நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல வளரவே நாலஞ்சு வாரம் ஆகுமாம், அதுக்கு முன்னாடி அது விஷத் தண்ணிதான். நியானுக்கு சூடும் ஆகாது, நம்ம வெயில்ல டேங்க் 30 டிகிரி தொட்டுடுது.

இப்ப இருக்கறது கார்டினல் டெட்ரா, பன்னெண்டு. நியான் மாதிரியேதான், ஆனா செவப்பு பாதி ஒடம்போட நிக்காம முழுசா ஓடும், 28 டிகிரிலயும் ஜம்முனு இருக்கு. சொந்த ஊரு பிரேசில் பக்கம் ரியோ நீக்ரோ, பேருக்கே கறுப்பு ஆறுன்னுதான் அர்த்தம், காட்டு இலை ஊறி ஊறி கட்டஞ்சாயா மாதிரி ஓடற தண்ணி. அதனால எதிர்வீட்டு வாதாமரத்துல உதிர்ற காஞ்ச இலையைக் கழுவி போடறேன், நம்ம போர் தண்ணி ரொம்ப ஹார்டு, உப்பு ஜாஸ்தி, அதுல பாதிக்கு ஆர்.ஓ தண்ணி கலந்துடறேன்.

மூணு மட்டும் விட்டா செடிக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு சரியா சாப்பிடாது, கூட்டம் இருந்தாத்தான் அதுங்களுக்கு தைரியம். நான் சேர்லேந்து எழுந்தா பன்னெண்டும் ஒரே நேரத்துல திரும்புது சுமதி, பக்கத்து மீன் அசையறதை கண்ணால மட்டுமில்ல, ஒடம்போரமா ஓடற ஒரு கோடு வழியா தண்ணி அதிர்றதை வெச்சும் தெரிஞ்சுக்குமாம். அந்த ஒரு செகண்டுக்காகவே தினமும் ராத்திரி முன்னாடி உட்கார்றேன்.

காலைல லைட் போட்டதும் வெளுத்துப்போய் தெரியும், பயந்துடாத. அந்த நீலம் சாயம் இல்ல, தோல்ல இருக்கற குட்டிக்குட்டி படிகத்துல வெளிச்சம் பட்டு வர்றது, கொஞ்ச நேரத்துல திரும்பிடும்.

ரெண்டடி டேங்க் இப்பவே வாங்கி, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடு, தீனி அழுகி வர்ற அமோனியாவுல அந்த பாக்டீரியா வளந்துடும். பாப்பாவுக்கு முழுப்பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு பேரும் இங்க வாங்க, கொளத்தூருக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.

உன்
வசந்தி