கொடிகாமத்து அம்மையாருக்கு நன்றி

1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, கைக்குழந்தையோடும் நடக்க இயலாத மாமியாரோடும் வந்த எங்களுக்குத் தமது வீட்டு விறாந்தையை ஒதுக்கித் தந்த கொடிகாமத்து அம்மையாருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அரசின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகியிருந்த அக்காலத்தில், பஞ்சில் ஊறிய சிறிதளவு எண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கைக்கூட, குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வேளையில் எங்கள் பக்கமே வைத்துவிடுவார். விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போயிருந்த தம் மகனைப் பற்றி அவர் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை (அன்று யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை). ஒரே கிணற்றை நம்பியிருந்த அத்தனை குடும்பங்களுக்குள்ளும் சண்டை மூளாமல் முறை வைத்துத் தண்ணீர் அள்ளச் செய்ததையே அவரது பேருதவியாகக் கருதுகிறேன். அவரை அறிந்தவர்கள் இந்நன்றியை அவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ சேர்ப்பிக்குமாறு வேண்டுகிறேன்.