லே போனதும் 2 நாள் சும்மா இருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

லடாக் சுற்றுலா விளம்பரம் எதைப் பார்த்தாலும் எனக்குப் போன ஜூன்தான் ஞாபகம் வருகிறது. டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லடாக்கின் லே நகரம், கிட்டத்தட்ட 3,500 மீட்டர் உயரம், உடம்பு அதற்குப் பழக வேண்டாமா? எங்களை மறுநாளே 5,359 மீட்டர் கர்துங் லா கணவாய்க்கு ஏற்றினார்கள். திரும்பும்போது தம்பி ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து "மண்டை பிளக்குது அண்ணா" என்றான், அப்புறம் வாந்தி. தினமும் ஜிம்முக்குப் போகிறவன்தான், உயரத்துக்கு அதெல்லாம் தெரியாது.

பணம் கட்டுமுன் எந்த ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம் என்று கேளுங்கள். முதல் 2 இரவு லேயில் ஓய்வு, பிறகு அதைவிடத் தாழ்வான நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி (4,200 மீட்டருக்கு மேல்) கடைசியில். நாள் இருந்தால் ஸ்ரீநகரிலிருந்து கார்கிலில் தங்கிச் சாலை வழியாகப் போவது இன்னும் நல்லது. உயரத்தால் வரும் இந்த உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தலைவலி வந்தால் மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி என்றும் பாராமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

— ஒரு வாசகர், மதுரை