வண்டிக் கொட்டகை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நம் தெருவிலுள்ள ஆறு கம்பெனிகளின் தொழிலாளர்கள் சேர்ந்து எடுத்த, நம் டூவீலர்களை நிறுத்துவதற்கான வண்டிக் கொட்டகை வேலை முடிந்துவிட்டது. கடைசித் தகடும் ஏறிவிட்டது, விளக்கும் எரிகிறது. கோயில் வேலைக்குச் சொல்லும் சொல்லைத் தலைப்பில் போட்டது ஏன் என்று சிலர் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு, கூலி வாங்காமல், வெயிலில் வெல்டிங் அடித்த நம் தம்பிகளின் வேலைக்கு வேறு பெயர் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இந்த வேலை எங்கே தொடங்கியது என்பது பலருக்கும் தெரியும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு 10 மணிக்கு வெளியே வந்த நம் லேத் ஆபரேட்டர் ஒருவர், வண்டி நின்ற இடத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். தார் ரோட்டில் சைடு ஸ்டாண்டு அழுத்தின குழி இருந்தது, பக்கத்தில் இரண்டு சொட்டு ஆயில் இருந்தது. வண்டி இல்லை. ஸ்டியரிங் லாக் போட்டுத்தான் உள்ளே போயிருந்தார். ஹேண்டில்பாரை ஓங்கி உதைத்தால் அந்த லாக் உடைந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. இன்சூரன்ஸும் இருந்தது, ஆனால் தேர்டு பார்ட்டி மட்டும். திருட்டுக்கு அதில் ஒரு ரூபாய் கிடைக்காது. பாக்கித் தவணையை மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டு, ராத்திரியில் பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரை நடந்து, ரயில் பிடித்து ஆவடி தாண்டி வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் ஷிப்ட் நடுவில் யாராவது ஒருவர் வாசலுக்கு வந்து தன் வண்டியை எட்டிப் பார்க்காத நாளே இல்லை. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு மனசு தெருவில் நிற்பது கைக்கு ஆபத்து. குழு அமைந்ததே இதனால்தான்.

இடம் கொடுத்த கம்பெனி முதலாளிக்கு முதலில் நன்றி. காலியாகக் கிடந்த மூலையை வாடகை இல்லாமல் விட்டுக்கொடுத்தார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பேட்டைக்குள் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் தரையை ரோட்டைவிட ஒன்றரை அடி உயர்த்தி, இரண்டு பக்கமும் சாய்தளம் வைத்திருக்கிறோம். அதற்கும் மேல் தண்ணீர் ஏறினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மூழ்கின வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கும்போது என்ஜினைச் சுற்றினால் கெடாததும் கெடும். தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிளக்கைக் கழற்றி, ஆயிலை மாற்றின பிறகு ஓட்டலாம்.

தரை விஷயத்தில் குழு ஒரு தவறு செய்தது. செலவைக் குறைக்கலாம் என்று முதலில் ஒரு வரிசைக்கு ஓட்டை போட்ட பேவர் கல்லைப் பதித்தோம். இரண்டாம் நாளே ஒரு புல்லட்டின் சைடு ஸ்டாண்டு ஓட்டைக்குள் இறங்கிவிட்டது. கிட்டத்தட்ட 195 கிலோ வண்டி. சாய்ந்தபோது பக்கத்தில் நின்ற மூன்றையும் சேர்த்துச் சாய்த்தது. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. கல்லைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போட 16,200 ரூபாய் ஆனது. அதை மறைக்காமல் தனியாகவே கணக்கில் காட்டியிருக்கிறோம்.

இப்போது 48 இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1 மீட்டர் அகலம், 2.20 மீட்டர் நீளம். ஸ்பிளெண்டர் 2 மீட்டர்தான், ஆனால் புல்லட் அதற்குக் கொஞ்சம் மேலே வரும் என்பதால் இந்த அளவு.

இந்தக் கொட்டகையில் எது முக்கியம் என்று கேட்டால், கூரையைவிடத் தரையில் நிற்கும் இரும்பு வளையத்தைத்தான் சொல்வோம். ஒவ்வொரு இடத்திலும் பின்சக்கரம் வருகிற பக்கம், 20 மில்லிமீட்டர் கம்பியை 'ப' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி வளைத்து, ஒரு அடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் இறக்கியிருக்கிறோம். பிடுங்கினால் வராதபடி அடிமுனை இரண்டையும் உள்ளேயே மடக்கிவிட்டிருக்கிறது. சங்கிலியைப் பின்சக்கரத்தோடும் சேஸிஸோடும் சேர்த்து இந்த வளையத்தில் பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரத்தை விட்டுவிட்டு வண்டியைத் தூக்கிப் போகலாம். சங்கிலி தரையில் படாமல் இழுத்துப் பூட்டுங்கள். தரையில் கிடக்கும் சங்கிலியைச் சுத்தியலால் அடித்து உடைப்பது சுலபம் என்று நம் ஃபிட்டர் அண்ணன் ஒரு பழைய சங்கிலியை வைத்து எல்லோர் முன்னும் உடைத்தே காட்டினார்.

கூரை கால்வனைஸ் தகடு. விளக்கு எட்டு, கேமரா நான்கு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு வெளிப்பக்க ஓரத்தில், பெட்ரோல் வண்டிகளிலிருந்து தள்ளி, ஆறு சார்ஜிங் பிளக் போட்டிருக்கிறோம். தனி எர்த், மின்கசிவைக் கண்டால் தானாகவே நின்றுவிடும் பிரேக்கர், தனி மீட்டர் எல்லாம் உண்டு. எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்கக் கூடாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

நமக்கு இருக்கிற ஒரே சிக்கல் மதியம் 2 மணி. முதல் ஷிப்ட் போவதற்குள் இரண்டாம் ஷிப்ட் வந்துவிடுகிறது. அந்தக் கால் மணி நேரம் எட்டுப் பத்து வண்டிகளுக்கு இடம் இருக்காது. வந்தவர்கள் நடு வழியில் வரிசையாக நிறுத்தி, இடம் காலியானதும் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பழையபடி ரோட்டோரம் விட்டுப் போவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வண்டியை வெளியே எடுக்கும்போது, உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற டோக்கனை வாட்ச்மேன் அண்ணனிடம் காட்ட வேண்டும். தெரிந்த முகமாக இருந்தாலும் கேட்கச் சொல்லியிருக்கிறோம், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். டோக்கனை வண்டியின் டேங்க் கவரிலேயே வைத்துவிட்டுப் போவதும் சாவியை அதிலேயே விட்டுப் போவதும் ஒன்றுதான். ஆர்.சி. புத்தகத்தின் அசலைச் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், போனில் அரசாங்கத்தின் டிஜிலாக்கர் ஆப்பில் இருந்தால் போதும். இரண்டு சாவியையும் பத்திரமாக வையுங்கள். வண்டி தொலைந்தால் இன்சூரன்ஸில் இரண்டையும் கேட்பார்கள். புதுப்பிக்கும்போது முடிந்தவர்கள் முழு இன்சூரன்ஸ் போடுங்கள். ஹெல்மெட் மாட்டச் சுவரோரம் கொக்கி இருக்கிறது.

வரவு: 84 உறுப்பினர்கள் ஆளுக்கு 2,500 வீதம் 2,10,000 ரூபாய். ஆறு கம்பெனிகள் கொடுத்தது 1,80,000. பழைய இரும்பு விற்றது 10,000. ஆக 4,00,000 ரூபாய்.

செலவு: தரையும் வடிகாலும் 1,42,000. பைப்பும் தகடும் 1,38,500. வளையங்கள் 21,300. விளக்கும் கேமராவும் 46,700. சார்ஜிங் பிளக் வேலை 18,400. தரையைத் திரும்பப் போட்டது 16,200. டீ, ஆட்டோ, ரசீதுப் புத்தகம் போன்ற சில்லறைச் செலவு 6,400. மொத்தம் 3,89,500. கையிருப்பு 10,500 ரூபாய்.

வெல்டிங் கூலி என்று ஒரு வரி இதில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் வந்த தம்பிகள் மதியச் சாப்பாட்டைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு வெல்டிங் வெளிச்சம் பட்டு இரண்டு நாள் கண் திறக்க முடியவில்லை. மூன்றாம் வாரம் திரும்ப வந்து நின்றார்.

கையிருப்பை முதல் மழைக்கு அப்புறம் தகடு ஒழுகுகிறதா என்று பார்த்து, அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று குழு நினைக்கிறது. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள். ரசீதுகளும் பில்களும் வாட்ச்மேன் அறையில் ஒரே ஃபைலில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

வாசலை ஒட்டிய முதல் இடத்தை லேத் ஆபரேட்டருக்கு என்று ஒதுக்கச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். நாங்களும் அவரிடம் கேட்டோம். வேண்டாம், கேமராவுக்கு நேராக இருக்கும் 17-ஆம் இடம் போதும் என்றார். செகண்ட் ஹேண்டில் ஒரு வண்டி எடுத்திருக்கிறார், போன வாரத்திலிருந்து அங்கேதான் நிற்கிறது. இன்னும் டோக்கன் வாங்காத ஒன்பது பேர் ஷிப்ட் தொடங்கும் முன் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வண்டிக் கொட்டகைப் பணிக் குழு