ஐபோனுக்குப் புதிய உருவம் தேவையா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் புதிய ஐபோன் வெளியான சில வாரங்களில் எங்களிடம் ஒரே கேள்வி இரண்டு விதமாக வருகிறது. "பார்ப்பதற்குப் பழையது போலவேதானே இருக்கிறது, இதற்கு ஏன் மாற வேண்டும்?" என்று சிலர் கேட்கிறீர்கள், "உருவம் மாறட்டும், அதுவரை காத்திருக்கிறேன்" என்று சிலர் சொல்கிறீர்கள். இரண்டு பேச்சிலும் உருவமே அளவுகோலாக இருக்கிறது. இதைப் பற்றி எங்களுக்குள்ளேயே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. விற்பனையைக் கவனிப்பவர்கள் ஒரு பக்கமும், பழுது நீக்குபவர்கள் மறு பக்கமும் நின்று வாதிட்டு வந்தோம். அந்த வாதத்தையும், அதன் முடிவில் எங்கள் நடைமுறையில் செய்துள்ள சிறு மாற்றத்தையும் உங்களுக்குத் தெரிவிப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறோம். புதிய கைபேசியை விற்றாலும் எங்களுக்கு வருமானம் உண்டு, பழையதைச் சரிசெய்து கொடுத்தாலும் வருமானம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

விற்பனைப் பக்கத்தில் இருப்பவர்களின் வாதத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஒரு பொருளை வாங்குபவர், அதைக் கையில் எடுத்ததும் புதியது என்று உணர விரும்புவது நியாயமான விருப்பம். 2019-ஆம் ஆண்டிலிருந்து மடிக்கும் திரையுள்ள கைபேசிகளைப் பிற நிறுவனங்கள் விற்று வரும் நிலையில், ஒரே செவ்வகத்தை ஆண்டுக்காண்டு தருவது சோம்பலாகத் தோன்றுவதிலும் வியப்பில்லை. மேலும், உருவம் மாறிய ஆண்டுகளில்தான் பெரிய முன்னேற்றங்கள் வந்தன என்று அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். 2007-இல் 3.5 அங்குலத் திரையுடன் தொடங்கிய ஐபோன், 2014-இல் 4.7, 5.5 அங்குலங்களாக வளர்ந்தபோதும், 2017-இல் ஐபோன் எக்ஸ் ஹோம் பட்டனைக் கைவிட்டு முகத்தை அடையாளம் காணும் முறைக்கு மாறியபோதும் பயன்பாடே மாறியது. திரையின் மேற்புறத்தில் தெரிந்த அந்தக் கறுப்பு வெட்டுக்கூட அலங்காரத்துக்காக வந்ததன்று. முகத்தின் மேல் 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி அளக்கும் கருவிகளுக்கு அங்கே இடம் தேவைப்பட்டது.

ஆனால் அதே வரலாற்றைப் பழுது நீக்கும் மேசையிலிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. 2010-இல் வந்த ஐபோன் 4, முன்னும் பின்னும் கண்ணாடியும் சுற்றிலும் எஃகுச் சட்டமுமாக மிக அழகாக இருந்தது. அந்தச் சட்டமே ஆண்டெனாவாகவும் இருந்ததால், குறிப்பிட்ட இடத்தில் கை பட்டால் சிக்னல் குறைந்தது. ஆப்பிள் நிறுவனம் அப்போது இலவசமாக உறை கொடுத்தது. 2014-இல் உடல் மெலிந்து அகன்றபோது, பெரிய மாடல் சட்டைப் பையில் வளைகிறது என்ற முறையீடு எழுந்தது. கேமரா உடலுக்கு வெளியே துருத்தத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். புதிய உருவம் என்பது புதிய பலவீனங்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது, அவை ஓரிரு ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகின்றன.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2014-இல் வந்த ஐபோன் 6-இன் உயரம் 138.1 மில்லிமீட்டர்; 2017-இல் வந்த ஐபோன் 8-இன் உயரம் 138.4 மில்லிமீட்டர். அதே ஐபோன் 8-இன் உடலில்தான் 2020-இலும் 2022-இலும் எஸ்இ எனப்படும் விலை குறைந்த வகைக் கைபேசிகள் வந்தன. அவற்றில் கடைசியானது 2025-இன் தொடக்கத்தில்தான் விற்பனையிலிருந்து விலகியது. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே உருவம் வாழ்ந்திருக்கிறது. அதற்குள்ளிருந்த சிப்போ ஏ8-இலிருந்து ஏ15 வரை வளர்ந்துவிட்டது. இந்த உருவத்தை விடாமல் பற்றியிருந்தவர்களை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். வட்டப் பொத்தானை அழுத்தினால் எந்த இடத்திலிருந்தும் முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடலாம் என்ற உறுதி, திரையின் அடியிலிருந்து விரலால் மேலே தள்ளும் பழக்கத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உருவத்தை மாற்று என்று கேட்பவர்களின் குரல் உரக்கக் கேட்கிறது. மாற்றிவிடாதே என்று மனத்துக்குள் வேண்டிக்கொள்பவர்களை யாரும் கேட்பதில்லை. இதை எண்ணும்போது எங்களுக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பழையது போலவே இருக்கிறது என்று நீங்கள் சொல்லும் கைபேசிகள் பல நேரங்களில் பழையதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐபோன் 12-இன் உறையைக் கொண்டுவந்து 13-க்குப் போட முடியுமா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், கேமரா மேடு பெரிதாகி, பொத்தான்களும் சற்று இடம் மாறிவிட்டதால் அது பொருந்தாது. ஆனால் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உள்ளே நடந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம், ஏனென்றால் எங்கள் வாதத்தை முடித்து வைத்தது அதுதான்.

கம்பியில்லா சார்ஜிங்குக்கான மின்காந்தப் புலம் உலோக முதுகைக் கடந்து செல்ல இயலாது என்பதால், 2017-இல் ஐபோன் 8-இன் பின்புறம் கண்ணாடிக்கு மாறியது. அந்தக் கண்ணாடியைச் சட்டத்தோடு வலுவான பசையால் ஒட்டி, கேமராவைச் சுற்றிய வளையத்தையும் பற்றவைத்திருந்தார்கள். கைதவறி விழுந்து பேக் கிளாஸ் உடைந்தால் இரண்டே வழிகள்தான் இருந்தன: திரை, பேட்டரி, கேமரா, மதர்போர்டு என அனைத்தையும் கழற்றி வேறோர் உடலுக்கு மாற்றுவது, அல்லது லேசர் இயந்திரத்தால் கண்ணாடிக்கு அடியிலுள்ள பசையைச் சுட்டுத் தளர்த்தி, சில்லுச் சில்லாகச் சுரண்டி எடுப்பது. எங்கள் பழுதுநீக்குநர்களின் விரல்களில் உள்ள கீறல்களில் பாதி இந்த வேலையில் வந்தவை. கூலியைக் கேட்டு நீங்கள் திகைத்துப் போனதும், உடைந்த கண்ணாடிமேல் உறையைப் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிச் சென்றதும் எங்களுக்கு நினைவிருக்கிறது.

2022-இல் ஐபோன் 14 வந்தது. வெளித்தோற்றத்தில் 13-க்கும் அதற்கும் வேறுபாடு காண்பது கடினம் என்பதால், அந்த ஆண்டு எங்களிடம் வந்த ஏமாற்றமான கேள்விகள் மிக அதிகம். ஆனால் அதைத் திறந்து பார்த்த பழுதுநீக்குநர் மேசையிலிருந்து எழுந்து வந்து மற்றவர்களை அழைத்துக் காட்டினார். அந்தக் கைபேசியின் நடுவில் ஒரு சட்டம் அமைத்து, முன்புறத் திரையையும் பின்புறக் கண்ணாடியையும் தனித்தனியே திறக்கும்படி செய்திருந்தார்கள். கீழ்விளிம்பின் இரண்டு திருகுகளை நீக்கி, ஒரு கனெக்டரைக் கழற்றினால் பேக் கிளாஸ் தனியே வந்துவிடுகிறது. அந்த ஆண்டின் புரோ வகைகளுக்கு இந்த வசதி இல்லை. 2023-இல் அவற்றுக்கும் வந்தது. 2024-இல் ஐபோன் 16, 16 பிளஸ் ஆகியவற்றில் பேட்டரியை ஒட்டும் பசையையே மாற்றினார்கள். 9 வோல்ட் மின்கலம் ஒன்றை இணைத்துச் சிறிது நேரம் மின்சாரம் செலுத்தினால் பசை தானே விட்டுவிடுகிறது. முன்பெல்லாம் பேட்டரிக்கு அடியிலிருந்து இழுத்து எடுக்கும் பசைநாடா நடுவில் அறுந்துபோனால், சூடுகாட்டி, மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். பேட்டரி சற்று வளைந்தாலும் தீப்பற்றும் என்ற அச்சத்தோடுதான் அந்த வேலையைச் செய்வோம்.

எங்கள் கருத்தில், கடந்த பல ஆண்டுகளில் ஐபோனுக்குக் கிடைத்த மிகச் சிறந்த புதிய வடிவமைப்பு இதுதான். அதை யாராலும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. 2023-இல் வந்த யூஎஸ்பி-சி துளையையும் இந்த வரிசையிலேயே வைக்கிறோம். 2012 முதல் பதினோரு ஆண்டுகள் இருந்த லைட்னிங் துளை போய், வீட்டிலுள்ள மற்ற கருவிகளின் கேபிளே இதற்கும் போதும் என்றானது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் பொதுவான சார்ஜர் வேண்டும் என்று சட்டம் இயற்றியதன் விளைவு அது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத மாற்றமாயினும், நாள்தோறும் கைக்குப் பயன்படுகிறது.

உருவ மாற்றம் எல்லாமே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. 2025-இல் 17 புரோ, டைட்டானியத்தை விட்டு ஒரே துண்டு அலுமினிய உடலுக்கு வந்தது. டைட்டானியத்தைவிட அலுமினியம் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் அதற்குத் தக்க காரணம் உண்டு. 2020-இல் விளிம்புகள் தட்டையானபோது டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவது எளிதானது. அதற்கு முந்தைய வளைந்த ஓரங்களில் எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் ஓரம் தூக்கிக்கொண்டு தூசி சேரும். ஆனால் 2025-இலேயே வெளிவந்த 5.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஐபோன் ஏர் குறித்து எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. எடுத்துப் பார்த்தால் அதன் மெலிவு வியப்பைத் தருகிறது என்பது உண்மை. எனினும் எங்களிடம் கைபேசி வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதே நாளில் உறையும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். குறைத்த தடிமனை உறை திரும்பக் கொடுத்துவிடும் என்றால், அந்த இடத்தில் பேட்டரியையே பெரிதாக்கிக் கேமரா மேட்டைச் சமன் செய்திருக்கலாமே என்பது பழுது நீக்குபவர்களின் எண்ணம். எழுதுகிற எங்கள் எண்ணமும் அதுவே.

உண்மையிலேயே ஒரு புதிய உருவம் வேண்டும் என்று நாங்கள் கேட்பது ஒரே ஓர் இடத்தில்தான். 2020-இலும் 2021-இலும் வந்த 5.4 அங்குல மினி வகைக்கும் 2022-இன் எஸ்இ-க்கும் பின்னர், ஒரு கையால் முழுத் திரையையும் எட்டக்கூடிய ஐபோன் வரவில்லை. 2025-இன் அடிப்படை மாடலான 17-க்கே 6.3 அங்குலத் திரை. சிறிய கை உடையவர்கள், விரல்களில் மூட்டுவலி உள்ளவர்கள், ஒரு கையில் குழந்தையையோ பையையோ பிடித்திருப்பவர்கள் வந்து கேட்கும்போது, எங்களிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

இனி, நடைமுறைக்கு வருகிறோம். பழைய ஐபோனைக் கொடுத்துப் புதியதை வாங்க வரும் எவருக்கும், விலை பேசுவதற்கு முன்பாக அந்தப் பழைய கைபேசியின் பேட்டரியை நாங்கள் சோதித்துச் சொல்வோம். 14 வரையிலான மாடல்களின் பேட்டரி சுமார் 500 முழுச் சுழற்சிகளுக்குப் (பேட்டரியின் முழு அளவு மின்சாரத்தையும் ஒரு முறை செலவிடுவது ஒரு சுழற்சி) பிறகும், 15 முதலானவை சுமார் 1,000 சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும் வகையில் செய்யப்பட்டவை. அதற்குக் கீழே இறங்கிய கைபேசி மாலைக்குள் அணைந்துபோகிறது, சில நேரம் வேகமும் குறைகிறது. அப்போதுதான் பலருக்கும் "இது பழையதாகிவிட்டது" என்ற எண்ணம் பிறக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதிக்குச் சென்றால் இந்த அளவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். குறை பேட்டரியில் மட்டும் இருந்தால் அதையே சொல்வோம், மாற்றித் தரவும் செய்வோம். உதிரிபாகம் எங்கிருந்து வந்தது, அதைப் பொருத்திய பிறகு திரையில் அறிவிப்பு ஏதேனும் தோன்றுமா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் தருவோம்.

புதியது வாங்குவது என்று முடிவு செய்தால், முன்புறத் தோற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில கேள்விகளுக்கு எங்களிடம் விடை கேளுங்கள்: பின்புறக் கண்ணாடி தனியாகக் கழலுமா, பேட்டரியை எப்படி எடுப்பது, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், விற்பனை நின்ற பின்னும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கியமான உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்கின்றன. உலகெங்கும் விற்கும் ஒரு பொருள் ஒரு பகுதியின் விதிக்காகத் திருந்தினால், அதன் பயன் மற்றவர்களுக்கும் வரும் என்று யூஎஸ்பி-சி விஷயத்தில் பார்த்தோம். இதிலும் அதையே எதிர்பார்க்கிறோம்.

உருவம் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மாற விரும்புபவர்கள் அதைத் தயங்காமல் சொல்லலாம். அதுவும் ஒரு காரணம்தான். நாங்கள் தடுத்துப் பேச மாட்டோம். அப்போது உங்கள் பழைய கைபேசியின் படங்களையும் தொடர்புகளையும் முழுமையாகப் புதியதற்கு மாற்றி, நீங்கள் சரிபார்த்த பின்னரே பழையதை அழிப்போம். அது நல்ல நிலையில் இருந்தால், வீட்டில் வேறொருவர் பயன்படுத்தும்படி பேட்டரியை மாற்றித் தரட்டுமா என்றும் கேட்போம்.

இப்படிக்கு,
விற்பனை, பழுதுநீக்கப் பிரிவினர்