497 போனாலும் வழி உண்டு

ஆசிரியருக்கு,

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பிறர் மனைவியுடனான உறவைக் குற்றமாக்கிய இ.பி.கோ. 497-ஐ ரத்து செய்ததும், திருமணம் தாண்டிய உறவைக் கேட்க நாதியில்லை என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். தவறு. ஜெயில்தான் கிடையாது, விவாகரத்துக்கான காரணமாக அது அப்படியே நிற்கிறது. இந்து திருமணச் சட்டம் 13(1)(i)-இன்கீழ் கணவனோ மனைவியோ குடும்பநல நீதிமன்றத்தில் மனு போடலாம்.

வழக்கு சறுக்குவது சாட்சியத்தில். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை வெறுமனே பிரிண்ட் எடுத்து நீட்டினால் எடுபடாமல் போகலாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63(4)-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்: முதல் பகுதியில் தாக்கல் செய்பவர், இரண்டாவதில் நிபுணர், கோப்பின் ஹாஷ் மதிப்பைக் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறி) குறித்துக் கையெழுத்திட வேண்டும். அசல் செய்தி இருந்த பழைய செல்போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களை என்ன சொல்ல!

விஷயம் தெரிந்தும் மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தால், விவாகரத்து கேட்கும்போது இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 23 குறுக்கே வரும். மனைவியின் ஜீவனாம்சத்தை மறுக்கவும் எப்போதோ நடந்த ஒரு சம்பவம் போதாது. அந்த உறவில் தொடர்ந்து வாழ்வதைக் காட்ட வேண்டும்.

நிரூபிக்கத் தெம்பில்லையா? ஓராண்டு பிரிந்திருந்து இருவரும் சம்மதித்தால், பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு அதே சட்டத்தின் 13பி இருக்கிறது. அதிலுள்ள ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த வழக்குகளில் நீதிமன்றமே தளர்த்தலாம்.

இப்படிக்கு,
ஒரு குடும்பநல வழக்கறிஞர்